பொதுவில் வைக்கப்பட்ட ஈடு: போக்கிமான் ஆட்டத்தின் ஒரு மாற்று விதி குறித்து

1

விளையாட்டைப் பற்றித் தத்துவார்த்தமாக யோசித்தவர்களில் டச்சு வரலாற்றாசிரியர் ஹொய்சிங்கா முக்கியமானவர். 1938இல் வெளிவந்த 'ஹோமோ லூடன்ஸ்' நூலில் அவர் இரண்டு ஆட்களைப் பிரித்துக் காட்டுகிறார். ஒருவன் ஏமாற்றுக்காரன், மற்றவன் ஆட்டத்தைக் கலைப்பவன். ஏமாற்றுக்காரன் விதியை மதிப்பதாகப் பாவலா பண்ணுகிறான்; அதனாலேயே கூட்டம் அவனை ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. கலைப்பவனோ 'உங்க விதியே பொய்யி' என்று சொல்லிவிடுகிறான். அவனைத்தான் கூட்டம் விரட்டுகிறது. இந்த இரண்டு பேரிலும் சேராத மூன்றாவது ஆள் ஒருவன் உண்டு. ஏமாற்றுக்காரனின் கள்ளச்சரக்கை எடுத்து நடுத்தெருவில் வைத்து, 'இனிமே இது எல்லாருக்கும் பொது, இதுதான் விதி' என்று அறிவிப்பவன். அப்படிப்பட்ட ஆட்கள் சேர்ந்து உருவாக்கிய ஓர் ஆட்டத்தின் வரலாற்றை இங்கே வாசித்துப் பார்க்கலாம். சமத்துவம் என்று நாம் அன்றாடம் புழங்குகிற சொல்லுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்பதை அந்த வரலாறு எண்களாகவே காட்டுகிறது.

ஆட்டம்: போக்கிமான். சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். விதி எழுதும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அந்த அதிகாரம் கைமாறினால் என்ன ஆகிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகப் பார்க்க வேறு இடம் கிடைப்பது கஷ்டம்.

2

1996 பிப்ரவரியில் ஜப்பானில் நின்டெண்டோவின் கேம் பாய் கைக்கருவிக்காக 'சிவப்பு', 'பச்சை' என்று இரண்டு ஆட்டங்கள் வெளிவந்தன. கேம் ஃப்ரீக் நிறுவனத்தின் சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேகரித்தவர். அந்தப் பழக்கத்தின் நிழல் ஆட்டம் முழுக்கப் படிந்திருந்தது. 151 ஜந்துகள். பிடிக்கலாம், வளர்க்கலாம், இரண்டு கருவிகளை வயரால் இணைத்து நண்பனோடு மாற்றிக்கொள்ளலாம், சண்டைக்கும் விடலாம்.

சண்டையின் இலக்கணம் எளிது. ஓர் அணிக்கு ஆறு ஜந்துகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு வித்தைகள். ஒவ்வொரு முறையும் ஒரு வித்தையை ஏவலாம், அல்லது களத்தில் நிற்பதை உள்ளே அழைத்துக்கொண்டு வேறொன்றை இறக்கலாம். நீர் தீயை அடிக்கும், தீ புல்லை அடிக்கும் என்று வகைகளுக்குள் ஓர் ஏற்பாடு. 2002இல் வந்த மூன்றாம் தலைமுறை ஆட்டங்களிலிருந்து ஒவ்வொரு ஜந்துவுக்கும் ஒரு 'குணம்' சேர்ந்துகொண்டது. அதாவது வித்தையை ஏவாமலே கூடவே இருக்கும் ஒரு சக்தி. இதோடு ஒரு கைப்பொருளும் வைத்துக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் பிறவி எண்கள் இருக்கின்றன. உயிர், தாக்கு, காப்பு, சிறப்புத் தாக்கு, சிறப்புக் காப்பு, வேகம் என்று ஆறு. இவை பயிற்சியால் வருபவை அல்ல. பயிற்சி இவற்றின் மேல் ஒரு பூச்சு, அவ்வளவுதான். காட்டர்பி என்ற புழுவுக்கு ஆறும் கூட்டினால் 195. மியூட்டூவுக்கு 680. இந்த வித்தியாசத்தை ஆட்டம் எங்கேயும் நியாயப்படுத்துவதில்லை. பிறந்தாயிற்று, அவ்வளவுதான்.

சமமின்மை பிரச்சனையாகும் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. 1997இல் ஜப்பானில் நடந்த நின்டெண்டோ கோப்பைக்கு ஒரு வரம்பு வைத்தார்கள்: ஜந்துகளின் படிநிலை 50க்கும் 55க்கும் நடுவில் இருக்க வேண்டும், ஆறில் மூன்றைத் தேர்ந்து களமிறக்கும்போது மூன்றின் கூட்டுத்தொகை 155ஐத் தாண்டக்கூடாது. ஒன்றை 55க்கு உயர்த்தினால் மற்ற இரண்டும் 50தான். இது வளர்ப்பின் மீதான வரம்பு, பிறப்பைத் தொடவில்லை. முதல் தலைமுறையில் மனோசக்தி வகையின் கொட்டத்தை அடக்கப் பேய் வகை இருந்திருக்க வேண்டும். ஆனால் நிரலில் ஒரு பிழையால் பேயின் அடி மனோசக்தியிடம் பலிக்கவே இல்லை. 1999இல் இரண்டாம் தலைமுறை வந்து, இருள், எஃகு என்ற இரண்டு புது வகைகளைக் கொடுத்த பிறகுதான் கணக்கு ஓரளவு நேரானது. ஆடுபவர்கள் மூன்று வருஷம் காத்திருந்தார்கள். விதி மேலிருந்து வரும், கீழே இருப்பவன் காத்திருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய நிலை.

3

2004இல் தொடங்கிய ஸ்மோகன் என்ற ஆட்டக்காரர் சமூகமும், 2011இல் வந்த போக்கிமான் ஷோடவுன் என்ற இலவசச் சண்டைக்களமும் இந்தக் காத்திருப்பை முடித்துவைத்தன. நிறுவனம் விற்ற ஆட்டத்தின் மீது ஆட்டக்காரர்கள் தாங்களே விதி எழுத ஆரம்பித்தார்கள். உறங்கவைக்கும் வித்தையால் எதிரணியில் ஒன்றைத்தான் உறங்கவைக்கலாம். ஒரே ஜந்துவை இரண்டு தடவை சேர்க்கக்கூடாது. ஒரே அடியில் சாகடிக்கும் வித்தைகள் கூடாது. இப்படிப் பல.

அவர்கள் செய்த பெரிய காரியம் அடுக்குகள். எந்த ஜந்து எவ்வளவு பயன்படுத்தப்படுகிறது என்று எண்ணினார்கள். ஒருவர் இருபது ஆட்டம் ஆடினால் ஒரு தடவையாவது எதிர்ப்பட ஐம்பது சதவீத வாய்ப்பு எதற்கு இருக்கிறதோ அது மேலடுக்கு. கணக்குப் போட்டால் 3.41 சதவீதம். பின்னர் இருபதைப் பதினைந்தாகக் குறைத்து 4.52 சதவீதம் ஆக்கினார்கள். அதற்குக் கீழே 'குறைவாகப் பயன்படுவது', அதற்கும் கீழே 'அரிதாகப் பயன்படுவது', 'பயன்படவே படாதது' என்று அடுக்கு இறங்குகிறது. மேலடுக்கு ஜந்து கீழடுக்கு ஆட்டத்தில் நுழைய முடியாது. கீழே இருப்பவற்றுக்குத் தங்களுக்குள் ஆட ஓர் இடம் கிடைத்தது என்னவோ உண்மைதான். ஆனால் பெயர்களைப் பாருங்கள். 'பயன்படவே படாதது' என்று ஒருவனுக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரிலேயே ஒரு சேரியையும் கட்டிக்கொடுத்தால் அது விடுதலையா?

எதைத் தடை செய்வது என்பதை வாக்கெடுப்பில் தீர்மானிப்பதும் உண்டு. அந்த வாக்கு எல்லாருக்கும் கிடையாது. குறிப்பிட்ட தரப்புள்ளியை எட்டியவர்களுக்குத்தான். நன்றாக ஆடுபவன்தான் விதி பற்றிப் பேசலாம் என்ற கருத்தியல் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

இந்த அடுக்கு முறைக்கு வெளியே ஒரு கூட்டம் இருந்தது. அங்கே பழகிய விதிகள் எல்லாம் கலைத்துப் போடப்பட்டன. எந்தக் குணத்தையும் எதற்கும் கொடுக்கலாம் என்று ஓர் ஆட்டம். தன் வகையைச் சேர்ந்த எந்த வித்தையையும் கற்கலாம் என்று இன்னொன்று. இவற்றை எல்லாம் சேர்த்து அந்தச் சமூகம் வைத்த பெயர் 'மற்ற' ஆட்டவெளிகள். மையம் தன்னைப் பெயரிட்டுக்கொள்ளாது, வெளியே இருப்பதைத்தான் 'மற்றது' என்று சொல்லும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

4

'மற்ற'வற்றில் ஆகத் தீவிரமானது ஹேக்மான்ஸ். இதன் பூர்வீகம் கள்ளத்தனம். கேம்ஷார்க், ஆக்‌ஷன் ரீப்ளே என்ற கருவிகளை ஆட்ட அட்டையோடு மாட்டினால் ஜந்துவின் உள்விவரங்களைத் திருத்தலாம். கற்க முடியாத வித்தையைக் கற்பிக்கலாம், இல்லாத குணத்தை ஏற்றலாம். இப்படித் திருத்தப்பட்டதை யாராவது கொண்டுவந்தால் 'திருட்டுப்பய' என்று விரட்டுவார்கள். ஹேக்மான்ஸ் அந்தத் திருட்டையே சட்டமாக்கியது. எந்த ஜந்துவுக்கும் எந்தக் குணமும், எந்த நான்கு வித்தைகளும். வழக்கமான ஆட்டத்தில் பயிற்சிப் புள்ளிகள் மொத்தம் 510தான், ஓர் எண்ணுக்கு 252க்கு மேல் போகாது. இங்கே ஆறிலும் 252 போடலாம். எல்லாருக்கும் எல்லாம்.

இதற்கு மேல் என்ன சமத்துவம் வேண்டும்?

நடந்தது வேறு. வித்தையும் குணமும் பயிற்சியும் எல்லாருக்கும் ஒன்றாகிவிட்டபோது, மிச்சமிருந்த ஒரே வித்தியாசம் பிறவி எண். புழுவுக்கு இதுவரை ஏதோ ஒரு வித்தை தனியாக இருந்தது, இன்னொன்றுக்கு ஏதோ ஒரு குணம். அவையெல்லாம் பொதுவில் போய்விட்டன. 2013இல் 'மெகா' உருமாற்றங்கள் வந்தபின் நிலைமை இன்னும் தெளிவானது. மெகா மியூட்டூவின் கூட்டுத்தொகை 780. அதற்கு வேண்டிய எல்லாமும் இப்போது அதற்குக் கிடைக்கும். அதைவிடக் குறைந்த எண்களோடு பிறந்ததை அணியில் சேர்க்கக் காரணமே இல்லாமல் போகிறது. நூற்றுக்கணக்கான ஜந்துகளுக்குக் கதவைத் திறந்துவிட்ட ஆட்டத்தில் மிகச் சிலவே திரும்பத் திரும்ப நின்றன. கதவு திறந்திருந்தது, பிறவி பலத்தோடு வந்தவை உள்ளே போயின.

இதைவிடக் கூர்மையான விஷயம் ஒன்று இருக்கிறது. குணங்கள் முதலில் யாரிடம் இருந்தன என்று பார்க்க வேண்டும்.

ஷெடின்ஜா என்று ஒரு ஜந்து. பூச்சி உரித்துப் போட்ட சட்டை. அதன் உயிர் 1. எவ்வளவு வளர்த்தாலும் 1தான். அதற்கு ஈடாகத்தான் 'வொண்டர் கார்ட்' என்ற குணம் தரப்பட்டிருந்தது: தன் வகைக்கு நேர்ப் பகையான அடியைத் தவிர வேறு நேரடி அடி எதுவும் படாது. அசுமரில் என்ற நீர்முயலின் பிறவித் தாக்கு 50. அதற்கு ஈடாகத் தாக்கை இரட்டிப்பாக்கும் 'ஹ்யூஜ் பவர்'. டிட்டோ ஒரு களிமண் உருண்டை மாதிரி. ஆறு எண்களும் 48. அதற்கு ஈடாக 2010இல் கொடுக்கப்பட்டது 'இம்போஸ்டர்': களத்தில் இறங்கியதும் எதிரே நிற்பதன் உருவமாகவே மாறிவிடும் சக்தி.

மூன்றுமே பலவீனமான உடலுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டவை. எல்லாருக்கும் எல்லாம் என்றதும் இந்த ஈடுகளும் பொதுச்சொத்தாயின. யார் எடுத்துக்கொண்டார்கள்? பேய், இருள் என்ற இரண்டு வகையும் கலந்த ஸ்பிரிடூம்புக்கு 2013வரை நேர்ப்பகையே கிடையாது. அதன் மேல் வொண்டர் கார்டைப் போர்த்தினால் நேரடி அடி எதுவும் அதைத் தொடாது. விஷம் வைக்க வேண்டும், இல்லை குணத்தையே மீறி அடிக்கும் இன்னொரு குணத்தைத் தேட வேண்டும். மெகா மியூட்டூவின் ஓர் உருவத்துக்குத் தாக்கு 190. அதை இரட்டிப்பாக்கினால் எந்தச் சுவர் நிற்கும்? ஷெடின்ஜாவும் அசுமரிலும் தங்கள் சொத்தைப் பறிகொடுத்துவிட்டு வெளியே நின்றன. பறித்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. பொதுவாக்கினார்கள், அவ்வளவுதான்.

ஆகவே கட்டற்ற ஹேக்மான்ஸ் திருத்தப்பட்டு 'சமன்செய்யப்பட்ட ஹேக்மான்ஸ்' ஆனது. வொண்டர் கார்ட், ஹ்யூஜ் பவர் இரண்டும் தடை. எதிரியை வெளியேறவிடாமல் பூட்டிவைக்கும் 'ஷேடோ டேக்' தடை. ஒரே குணத்தை ஓர் அணியில் இரண்டு பேருக்கு மேல் வைக்கக்கூடாது. முழுச் சுதந்திரம் என்று ஆரம்பித்தவர்கள் விதி எழுதத்தான் வேண்டியிருந்தது. ஆனால் இந்த முறை விதி, ஏற்கெனவே பலத்தோடு இருப்பவன் கைக்கு இன்னும் எது போகக்கூடாது என்ற கேள்வியிலிருந்து பிறந்தது.

5

மூன்றாவது ஈடான இம்போஸ்டர் தடை செய்யப்படவில்லை. ஆறாம், ஏழாம் தலைமுறை ஆட்டங்களில் அணி கட்டும் கலையே அதைச் சுற்றித்தான் வளர்ந்தது. இதை விரிவாகப் பார்க்கலாம்.

இம்போஸ்டர் எதிரியின் எண்கள், வகை, குணம், நான்கு வித்தைகள், ஏற்றிக்கொண்ட பலம் எல்லாவற்றையும் நகலெடுக்கும். இரண்டை மட்டும் நகலெடுக்காது: உயிர், கைப்பொருள். எனில் உயிர் அதிகமாக உள்ள உடலுக்கு இந்தக் குணத்தைக் கொடுத்தால் என்ன? சான்சி என்ற தாதி ஜந்துவின் தாக்கு 5, காப்பு 5. சண்டைக்கே லாயக்கில்லாத உடம்பு. ஆனால் உயிர் 250. முழுதாக வளர்த்தால் 704 புள்ளி. அதே வளர்ப்பில் மெகா மியூட்டூவுக்கு 416தான். சான்சி இறங்கி மியூட்டூவாக மாறினால் எதிரே நிற்கும் அசலைவிட அதிகநேரம் நிற்கும் மியூட்டூ ஆகிறது. முழு வளர்ச்சி அடையாத ஜந்துவின் இரண்டு காப்பையும் ஐம்பது சதவீதம் கூட்டும் 'எவியோலைட்' கல் அதன் கையில் இருந்தால் நகல் அசலைவிடப் பலசாலி.

பிரெஞ்சு அறிஞர் ரோஜே கயுவா 1958இல் விளையாட்டுகளைப் போட்டி, குருட்டு அதிர்ஷ்டம், பாவனை, கிறுகிறுப்பு என்று நான்காகப் பிரித்தார். இங்கே பாவனையே போட்டியின் ஆயுதமாகிவிடுகிறது. எதிரி எதைக் கட்டினானோ அதை உடுத்திக்கொண்டு அவன் முன்னால் நிற்பது.

இதன் விளைவு அணி கட்டுபவர் தலையில் விடிகிறது. ஓர் ஜந்துவைச் சேர்க்கும் முன் அவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: 'இதையே போட்டுக்கிட்டு எதிராளி சான்சி வந்தா நம்ம பக்கம் யாரு தாங்குவா?' இதற்குப் பதில் இல்லாத அணி எவ்வளவு பயங்கரமான ஆயுதத்தை வைத்திருந்தாலும் தன் ஆயுதத்தாலேயே சாகும். பதில்கள் சில வழிகளில் வந்தன.

முதல் வழி, தோழமை. அடிக்கும் ஜந்து ஒன்று. அதன் நகலைத் தாங்கும் ஜந்து இன்னொன்று. உடலால் அடிக்கும் ஒன்றைச் சேர்த்தால், காப்பை இரட்டிப்பாக்கும் 'ஃபர் கோட்' குணம் கொண்ட ஒரு சுவரையும் அணியில் வைக்க வேண்டும். ஆறு இடம்தான் இருக்கிறது என்பதால் ஒவ்வொரு சுவரும் இரண்டு மூன்று பேருக்குச் சேர்த்துக் காவல் நிற்க வேண்டும். ஆறு பேரும் ஒருவருக்கொருவர் சாவிகொடுத்த பூட்டாகிறார்கள்.

இரண்டாம் வழி, கைப்பொருள். 'ஜட்ஜ்மென்ட்' என்ற வித்தையின் வகை கையில் இருக்கும் பலகையைப் பொறுத்தது. நகலெடுத்த சான்சியிடம் பலகை கிடையாது. அது ஏவும் ஜட்ஜ்மென்ட் வெறும் சாதாரண வகை அடி. அதேபோல 'பாய்ஸன் ஹீல்' குணம் விஷம் ஏறிய உடலுக்குத்தான் உயிரூட்டும். தானே தனக்கு விஷம் ஏற்றிக்கொள்ளும் உருண்டை அசலிடம் இருக்கிறது. நகலிடம் குணம் மட்டும் இருக்கிறது, விஷம் இல்லை, ஆகவே பலனும் இல்லை.

மூன்றாம் வழி, பொறுமை. நகலெடுத்த ஒவ்வொரு வித்தையையும் ஐந்து முறைதான் ஏவ முடியும். எண்ணிக்கொண்டே தாங்கினால் நகல் காலியாகும்.

நான்காவது, அடக்கம். நின்ற இடத்திலேயே தன் பலத்தை இரண்டு மூன்று மடங்காக ஏற்றிக்கொண்டு பிறகு எல்லாரையும் அடித்துத் தள்ளுவது வழக்கமான ஆட்டத்தில் வெற்றி சூத்திரம். இங்கே ஏற்றிய பலமும் சேர்ந்தே நகலாகும். ஆகவே தன்னால் எதிர்கொள்ள முடிந்த அளவுக்கு மேல் பலம் சேர்ப்பது தற்கொலை. எவனும் எட்ட முடியாத உயரத்துக்குப் போய்விட வேண்டும் என்ற ஆசைக்கே இந்த ஆட்டத்தில் தண்டனை இருக்கிறது.

இம்போஸ்டரைத் தடை செய்யாமல் விட்டதற்கு இதுவே போதுமான நியாயம் என்று எனக்குப் படுகிறது. வொண்டர் கார்டு பலசாலியை இன்னும் பலசாலி ஆக்கியது. இம்போஸ்டர் பலசாலியை அவனுடைய பலத்துக்கே பதில் சொல்ல வைக்கிறது. பிறவி எண்களை அது ஒழிக்கவில்லை. அவை ஒருவன் கையில் மட்டும் இருக்கும் என்ற உத்தரவாதத்தை ஒழித்தது.

ஆனாலும் கணக்கு இன்னும் முடியவில்லை. அந்தக் குணம் டிட்டோவுடையது. முழுதாக வளர்த்த டிட்டோவின் உயிர் 300. சான்சியின் 704க்கு முன்னால் அதை யார் சேர்ப்பார்கள்? எல்லாரையும் நகலெடுக்கும் சக்தியைத் தன் ஒரே சொத்தாக வைத்திருந்த ஜந்து, அந்தச் சக்தியே அச்சாணியாக இருக்கும் ஆட்டத்தில் காணாமல் போனது. கலகம் நடந்தது, கலகத்துக்கும் உயிர் 250 உள்ள உடம்புதான் தேவைப்பட்டது. எவியோலைட்டும் அப்படியே: வளர்ச்சி அடையாத குட்டிகளுக்காக 2010இல் வந்த கல் அது. அதன் பெரும்பலன் போய்ச் சேர்ந்த இடம் சான்சி.

6

'மற்ற' வெளியில் இன்னொரு போக்கும் இருந்தது. பொதுவில் வைப்பதை விட்டுவிட்டு, குறைந்த எண்களோடு பிறந்தவற்றுக்கு நேரடியாகக் கூட்டிக் கொடுப்பது. கீழடுக்குக்குப் போகப்போக எண்களில் கூடுதல் தரும் ஓர் ஆட்டம். எல்லாருடைய கூட்டுத்தொகையையும் 600க்குப் பக்கத்தில் கொண்டுவரும் இன்னோர் ஆட்டம். கூட்டுத்தொகை 350க்குள் இருந்தால் ஆறு எண்களையும் இரட்டிப்பாக்கும் '350 கோப்பை'.

இந்த மூன்றாவதில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆப்ரா என்ற ஜந்துவின் கூட்டுத்தொகை 310. பார்க்க ஏழைதான். ஆனால் அதில் 105 சிறப்புத் தாக்கிலும் 90 வேகத்திலும் குவிந்திருக்கிறது. இரட்டித்தால் 210, 180. மெகா மியூட்டூவின் உச்சமான 194ஐயும் 140ஐயும் ஆப்ரா தாண்டிவிடுகிறது. கேஸ்ட்லிக்கும் இதே கதை. எண்கள் ஆறிலும் பரவலாகச் சிதறிக் கிடக்கும் ஜந்துவுக்கு இரட்டிப்பால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. கடைசியில் ஆப்ரா, கேஸ்ட்லி இரண்டையும் அந்த ஆட்டத்தில் தடைசெய்ய வேண்டிவந்தது.

இதை வைத்து 'பாத்தீங்களா, ஈடு குடுத்தாலே இப்படித்தான்' என்று சொல்பவர்கள் இருப்பார்கள். ஆப்ராவைத் தடை செய்த பிறகும் கோப்பை நடந்தது என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். இரட்டிப்பை யாரும் கைவிடவில்லை. கூட்டுத்தொகை என்ற ஒற்றை எண் உள்ளே இருக்கும் ஏற்றத்தாழ்வை மறைக்கும் என்று கண்டுகொண்டார்கள், அந்த இடத்தில் ஒரு விதி எழுதினார்கள். வேறெந்த ஆட்டத்திலும் கண்ணில் படாத பொடி ஜந்துகளை வைத்து அணி கட்ட முடிந்தது இங்கேதான்.

7

இரண்டு போக்கையும் அருகருகே வைத்தால் ஒன்று புரிகிறது. ஹேக்மான்ஸ் உடைமைகளைப் பொதுவாக்கியது, உடல்களைத் தொடவில்லை. அதனால் ஈடுகள் பலசாலிகள் கைக்குப் போயின. 350 கோப்பை உடல்களைத் தொட்டது, உள்ளே பார்க்காமல் தொட்டது. இரண்டிலும் முதல் விதி தோற்றது, இரண்டிலும் ஆட்டக்காரர்களே திருத்தினார்கள். 1996இன் பிழைக்கு மூன்று வருஷம் மேலே பார்த்துக் காத்திருந்தவர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மேலேயிருந்து வருவது நிற்கவும் இல்லை. 2019இல் வெளிவந்த ஆட்டங்களில் நிறுவனம் மெகா உருமாற்றங்களை எடுத்துவிட்டது. பல ஜந்துகளையும் சேர்க்கவில்லை. புதுத் தலைமுறைக்கான ஹேக்மான்ஸ் புது உடல்களோடு மறுபடி முதலிலிருந்து கணக்குப் போட வேண்டியிருந்தது.

ஒரு விதியைப் பொதுவாக்கும்போது நாம் வழக்கமாகக் கேட்பது, எல்லாருக்கும் கிடைக்கிறதா என்பது. இந்த ஆட்டக்காரர்கள் இன்னும் இரண்டு கேள்விகளைச் சேர்த்திருக்கிறார்கள். இது முதலில் யாருக்கு ஈடாக இருந்தது, அவர் இப்போது களத்தில் இருக்கிறாரா? என் அணியில் நான் சேர்க்கும் பலம் நாளைக்கு எதிரே வந்து நின்றால் என் பக்கத்து ஆட்களில் யார் அதைத் தாங்குவார்? இரண்டாவது கேள்விக்கு அவர்கள் நல்ல விடைகள் கண்டிருக்கிறார்கள். முதல் கேள்விக்கு டிட்டோ இன்னும் வெளியேதான் நிற்கிறது.